“பார்ட்டி ரெடி” என்று கேற்றடிக்கு வருகிறவர்கள்: கேள்வி பதில்

திருகோணமலையில், காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் 22 வருடம் கிளார்க்காக இருந்தேன். வீடு விற்பது பிழையில்லை, புரோக்கர் தொழிலும் பிழையில்லை. நேர்மையான புரோக்கர்கள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். ஆனால் விற்கிற எண்ணமே இல்லாத ஒருவரை அவசரப்படுத்திக் கையெழுத்துக்குக் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான், ‘பார்ட்டி ரெடி’, அதாவது வாங்க ஆள் இருக்கிறது, என்று வரும் புரோக்கர்களைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இந்தப் பதில்கள்.

உவர்மலையிலிருந்து ஒரு அக்கா: “உங்கள் வீட்டுக்குக் கனடாப் பார்ட்டி ரெடி, முழுக்காசும் கையில்” என்று துண்டுக் கடதாசி போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கும் அதே துண்டு. உண்மையா தம்பி?

இரண்டு வீட்டுக்கும் ஒரே துண்டு என்றால் அநேகமாகப் பார்ட்டி இன்னும் இல்லை அக்கா. நீங்கள் ஓம் என்று சொன்ன பிறகுதான் தேடத் தொடங்குவார்கள். வாங்குகிறவரோடு வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேசினால், இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணியை விற்க முடியாது. இங்கே பிறந்தவராக இருந்தாலும், கனடாக் குடியுரிமை மட்டுமே உள்ளவர் வெளிநாட்டவர்தான். தாய் தகப்பனிடமிருந்து முதுசமாக வருவது வேறு. அந்தத் தடையை மீறி எழுதும் உறுதி செல்லாது. இதைக் கேட்டதும் பாதிப் பார்ட்டிகள் காணாமல் போய்விடுவார்கள்.

நிலாவெளி: எங்கள் கடற்கரைக் காணியை ஒரு வெள்ளைக்காரருக்காக உள்ளூர் ஆள் ஒருவரின் பேரில் எழுதலாம் என்கிறார்களே?

வேண்டாம். நாளைக்கு அந்த இருவருக்கும் பிரச்சினை வந்தால் நீங்களும் நீதிமன்றம் ஏற வேண்டும். வெள்ளைக்காரர் நேர்வழியில் வருவதானால் குத்தகை இருக்கிறது, 99 வருடம் வரை கொடுக்கலாம்.

பாலையூற்று: மற்றவர்கள் சொன்னதை விடப் பேர்ச்சுக்கு இரண்டு லட்சம் கூட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஆறு மாதம் வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாதாம்.

கூட்டிச் சொன்ன விலை அந்த ஆறு மாதத்தைப் பிடிப்பதற்குத்தான். கையெழுத்து விழுந்த பிறகு ஆட்களைக் கூட்டி வருவார், ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்லிவிட்டுப் போவார்கள். மூன்றாம் மாதம் நீங்களே விலையை இறக்குவீர்கள். அப்புறம் இன்னொன்று: “உங்களுக்கு இவ்வளவு, மேலே வருவது எனக்கு” என்ற பேச்சுக்கு உடன்படாதீர்கள். வாங்குகிறவர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். கொமிசன் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுத்தில் பேசுங்கள்.

திருக்கடலூரிலிருந்து ஒரு தம்பி: அப்பாவின் எட்டுச் செலவு முடிந்த மறுநாளே ஒருவர் வந்தார். அம்மா அழுதுகொண்டிருக்கும்போது விலை பேசினார். இப்போது கொழும்பில் இருக்கும் அண்ணனோடு தனியாகப் பேசுகிறாராம்.

இது என்னை மிகவும் கோபப்படுத்துகிறது தம்பி. மரண அறிவித்தல் ஒட்டிய மதிலைப் பார்த்து வீட்டைக் குறித்துவைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். துக்க வீட்டில் எல்லோரும் களைத்திருப்பார்கள், கடன் இருக்கும், சகோதரங்களுக்குள் சின்ன மனத்தாங்கலும் இருக்கும். அதில்தான் கை வைக்கிறார்கள்.

அண்ணனைத் தனியாகப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா உயில் எழுதவில்லை என்றால் வீடு உங்கள் எல்லோருக்கும் பிரிபடாத பங்காக வருகிறது. அண்ணன் தன் பங்கை மட்டும் பிறத்தியாருக்கு எழுதிக் கொடுக்கலாம். வாங்கியவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பங்கு பிரிக்கும் வழக்குப் போடலாம். சின்ன வளவைப் பிரிக்க முடியாது என்று கண்டால் நீதிமன்றம் அதை விற்கவும் கட்டளையிடலாம். அம்மா இருக்கும் வீடே ஏலத்துக்குப் போகும். இப்படி ஒரு வீடு போனதை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பங்கு மிகக் குறைந்த விலைக்கு எழுதப்பட்டிருந்தது.

இன்றிரவே அண்ணனோடு பேசுங்கள். குறை சொல்லிப் பேச வேண்டாம். அவருக்குக் காசு தேவை என்றால் அவருடைய பங்கை நீங்களே வாங்க முடியுமா என்று பாருங்கள். அந்தியேட்டி முடியும்வரை வீட்டைப் பற்றி யாரோடும் பேசுவதில்லை என்று எல்லோரும் ஒரே முடிவாக இருங்கள்.

சாம்பல்தீவு: கடலிலிருந்து 300 மீட்டருக்குள் இருப்பதை அரசாங்கம் எடுக்கப் போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள் என்கிறார் ஒரு புரோக்கர்.

300 மீட்டர் என்பது கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் சொல்லப்பட்ட வலயம். அதற்குள் கட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உரிமை உங்களுடையதே. அரசாங்கம் எடுப்பதானால் 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தல் சட்டப்படி தமிழிலும் அறிவித்தல் ஒட்ட வேண்டும், ஆட்சேபிக்க இடம் தர வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். புரோக்கரின் வாய் வழியாக அந்த அறிவித்தல் வராது.

டொரொன்டோவிலிருந்து: அலஸ்தோட்டத்தில் எங்கள் வளவை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். பத்து வருடம் இருந்தால் அவருக்கே சொந்தமாகிவிடும், அதற்குள் விற்கச் சொல்கிறார் புரோக்கர். எங்களுக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரமான அற்றோணித் தத்துவமும் கேட்கிறார்.

பத்து வருடக் கதை 1871ஆம் ஆண்டின் சட்டத்திலிருந்து வருகிறது. ஆனால் உங்கள் உரிமைக்கு எதிராக ஆண்டால்தான் அது பொருந்தும். உங்கள் அனுமதியோடு இருக்கிறவருக்கு இருந்த காலத்தால் மட்டும் உரிமை வராது. உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதை அவரிடம் எழுத்தில் வாங்குங்கள், சோலைவரியை உங்கள் பேரில் கட்டுங்கள். புரோக்கருக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கவே வேண்டாம். எப்போதாவது தேவைப்பட்டால் சொந்தக்காரருக்கு, அதுவும் ஒரு குறித்த வேலைக்கு மட்டும்.

தம்பலகாமம்: அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த வயலை இப்போதைக்குக் கைத்துண்டில் எழுதி விற்கலாமாம்.

பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் செல்லாது. பெர்மிட்டும் போய்விடலாம்.

தனியாக இருக்கும் ஒரு அம்மா, உட்துறைமுக வீதி: ஐம்பதாயிரம் அட்வான்ஸ் என்று மேசையில் வைத்துவிட்டு ஒரு துண்டில் கையெழுத்து வாங்கினார். விற்றே ஆக வேண்டுமா மகன்?

இல்லை அம்மா. பயப்படாதீர்கள். 1840ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் காணி விற்பதும் விற்பதாக உடன்படுவதும் நொத்தாரிசின் முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். மேசையில் எழுதிய துண்டு உங்களைக் கட்டாது. காசை வங்கி வழியாகத் திருப்பி அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உறுதியின் மூலப்பிரதி அவரிடம் போயிருந்தால் உடனே கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் பொலிசில் முறையிடுங்கள். காணிப் பதிவகத்தில் உங்கள் காணிக்கு ஒரு கேவியட் பதிந்துவிடுங்கள். யாராவது அந்தக் காணி பற்றி எழுத்து ஒன்றைப் பதிய வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். போவதற்குத் துணை இல்லை என்றால் சொல்லுங்கள் அம்மா, ஒரு காலையில் நான் கூட வருகிறேன்.