கையில் பீடி ஓடும், காது சும்மாதானே இருக்கிறது

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். ஆலங்குளம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஹெச்.எம். சாரும் நானும் ரெண்டே பேர், அஞ்சு வகுப்பு. உங்கள் தளத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், இப்போதுதான் எழுதத் தோன்றியது.

எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ‘இலவசக் கல்வி வளங்கள்’ என்று தினமும் லிங்க்காக வந்து விழுகிறது. ஒன்றைத் திறந்தால் ஆப் இறக்கச் சொல்கிறது, இன்னொன்று முழுக்க ஆங்கிலம், மற்றொன்று நாலு வீடியோவுக்கு அப்புறம் பணம் கேட்கிறது. நானே குழம்பிக் கிடக்கையில் பெற்றோருக்கு எதை அனுப்ப? ஊரில் பாதி வீட்டில் அம்மாமார் பீடி சுற்றுகிறார்கள். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பாவோடு வெளியூர் வேலைக்குப் போய்விடும். போன வாரம் ஒரு அம்மா, “டீச்சர், எனக்கே எழுத்து தெரியாது, நான் பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்க?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. செலவில்லாமல், போன் இல்லாமலும் நடக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். எனக்கு உபயோகப்படுவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவர் எதையும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், பிள்ளை வாசிப்பதைக் கேட்டால் போதும். கையில் பீடி ஓடும், காது சும்மாதானே இருக்கிறது. பிள்ளை எதிரே உட்கார்ந்து ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கட்டும், அம்மா ‘பெறவு என்ன ஆச்சு?’, ‘அந்த நரி எதுக்கு அப்படிச் செஞ்சுது?’ என்று ரெண்டு கேள்வி கேட்கட்டும். தப்பாக வாசித்தால் யார் திருத்துவது என்பீர்கள். அர்த்தம் கெட்டுப்போனால் எழுத்து தெரியாதவருக்கும் காதில் உறுத்தும், ‘என்னல சொல்லுத, ஒண்ணும் வெளங்கலயே’ என்பார், பிள்ளை திரும்ப அந்த வரிக்குப் போகும். எழுத்து தெரிந்த அம்மாவாக இருந்தால் பிள்ளை தட்டுப்பட்ட உடனே தானே வாசித்துக் காட்டிவிடுவார், இங்கே பிள்ளையே எழுத்தைக் கூட்டி மல்லுக்கட்ட வேண்டும், அதுவும் ஒரு வகையில் லாபம்தான். மிச்சம் மீதிப் பிழையை மறுநாள் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். எழுத்து தெரியாதவர்களிடம் ‘பிள்ளையைப் படிக்க வையுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர்கள் அதை ஒரு குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘தினமும் ராத்திரி அவன் வாசிக்கிறதக் கேளுங்க’ என்றால் அது அவர்களால் முடிகிற காரியம்.

ஆக, வீட்டுக்குக் கொண்டுபோக அச்சடித்த தாள் வேண்டும். இங்கேதான் உங்கள் லிங்க் வெள்ளத்தைச் சலிக்க வேண்டியிருக்கிறது. நான் மூன்றே விஷயம் பார்ப்பேன். தமிழில் இருக்கிறதா, அச்சடித்துக் கொடுக்க உரிமை இருக்கிறதா, பெற்றோரின் போன் நம்பரைக் கேட்காமல் விடுகிறதா. மூன்றாவதில் கறாராக இருங்கள். இலவசம் என்று நம்பரை வாங்கிக்கொண்டு மறுநாளிலிருந்து கோர்ஸ் விற்கக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், பேச்சுச் சாமர்த்தியத்தில் பீடிக் கூலியிலிருந்து தவணை கட்ட வைத்துவிடுவார்கள். அப்படி ஒரு லிங்க் உங்கள் வழியாகப் போனால், பெற்றோர் அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு உங்களைத்தான் திட்டுவார்கள்.

இந்தச் சல்லடையில் நிற்பவற்றில் முதல் இடம் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவருக்கு. லாப நோக்கம் இல்லாத பதிப்பகம், 2015-ல் இந்தத் தளத்தை ஆரம்பித்தார்கள், தமிழில் ஏகப்பட்ட படக்கதைகள் கிடக்கின்றன. கதைகளை நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய படம். நாலாவது படிக்கு வரும்போது பத்தி பத்தியாக இருக்கும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்புக்காக நீங்கள் ஏற்கெனவே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படியாகப் பிரித்து வைத்திருப்பீர்கள், அதோடு ஏறக்குறைய பொருத்திக்கொள்ளலாம். முக்கியமான சங்கதி, இந்தக் கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டுவிட்டு நீங்கள் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றிக்கூட எழுதலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற நோட்ஸ் பிடிஎஃப்களில் முக்கால்வாசி அப்படி இல்லை, யாரோ விற்கிற புத்தகத்தை ஸ்கேன் பண்ணினது.

ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களெல்லாம் கலரில் பிரமாதமாக இருக்கும், கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் யானையும் குளமும் ஒன்றாகி மை அப்பினாற்போல் வரும். கலர் பிரிண்ட்டுக்கு உங்கள் சம்பளத்தில் கைவைக்காதீர்கள். கதையின் வரிகளை மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத்தாளில் எழுதி, மேலே இடம் விட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள், படம் அவர்கள் போடட்டும். அந்த வரியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் படம் போட முடியாது பாருங்கள், வாசித்தே ஆக வேண்டும். ஒரு பிள்ளை ‘குட்டி மாடிப்படியில் ஏறினாள்’ என்ற வரிக்கு ஆட்டுக்குட்டி வரைந்து வைத்தால் அது ஏன் என்று உங்களுக்கே புரிந்துவிடும், தனியாகத் தேர்வு எதற்கு? அப்படியே நாலு தாளைச் சேர்த்து நூலில் தைத்தால் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு புத்தகம் ஆச்சு.

பாடப்புத்தகத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது அதைவிட எளிது. போன வருஷத்துப் புத்தகம் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போவதற்குள் வாங்கி வையுங்கள். படங்களை வெட்டினால் பேச வைக்க அட்டை, சொற்களை வெட்டினால் வாக்கியம் சேர்க்க அட்டை. அஞ்சாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பையனுக்கு ரெண்டாம் வகுப்புப் புத்தகத்தை நேரடியாகக் கொடுத்தால் வெட்கப்படுவான். அட்டையைக் கிழித்துவிட்டு, ‘தம்பிக்கு ராத்திரி கதை வாசிச்சுக் காட்டுல’ என்று கொடுங்கள், பெரிய மனுஷனாகிவிடுவான்.

கணக்குக்கு நீங்கள் ஒர்க் ஷீட் தேடி அலையவே வேண்டாம். ஒரு கட்டுக்கு 25 பீடி, ஆயிரத்துக்கு 40 கட்டு. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 25-ஆம் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே காதில் விழுந்திருக்கும். இன்றைக்கு 600 சுற்றினால் எத்தனை கட்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்றால் 600-க்கு எவ்வளவு, கடையில் ரெண்டு கட்டைக் கழித்துப்போட்டால் எவ்வளவு குறையும் என்று அம்மாவின் பாஸ் புத்தகத்தை வைத்தே வகுத்தலும் விகிதமும் நடத்திவிடலாம். பிள்ளையைப் புகையிலைத் தூள் தட்டுப் பக்கம் உட்கார வைக்கக்கூடாது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தட்டை எடுத்து வைத்த பிறகு, கணக்கை மட்டும் போடட்டும். எழுத்து தெரியாத அந்த அம்மா மனக்கணக்கில் உங்களையும் என்னையும் தோற்கடித்துவிடுவார், அதைப் பிள்ளை பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு ஆசை.

அதே மாதிரிதான் அழிப்பாங்கதை, அதாவது விடுகதை. ‘அம்மா சேலையை மடிக்க முடியாது, அப்பா காசை எண்ண முடியாது’ என்று போட்டால் எந்த ஆச்சியும் பதிலைச் சொல்லிவிட்டு எதிர்க் கதை ஒன்று போடாமல் எழுந்திருக்க மாட்டாள். வாரம் ஒன்று வீட்டில் கேட்டு வந்து எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். சொன்ன ஆச்சியின் பேரோடு எழுதி வகுப்பில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றி ஆரம்பத்தில் மூச்சு விடாதீர்கள். ஊர்ப் பேச்சில் எழுதினால் அப்படியே இருக்கட்டும். தன் ஆச்சி பேர் இருக்கிற பக்கத்தை வாசிக்க மாட்டேன் என்கிற பிள்ளை ஊரில் கிடையாது.

உங்களுக்கு என்று கேட்டிருந்தீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998-லிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றுகிற மதுரைத் திட்டமும் பொக்கிஷம், ஆனால் அவை உங்கள் வாசிப்புக்கு, மூன்றாம் வகுப்புக்கு நேரே அதில் பெரிதாக எதுவும் தேறாது. மேல்நிலை வகுப்பு எடுக்கிற சிநேகிதி யாராவது இருந்தால் ஃபெட் (PhET) என்ற அறிவியல் தளத்தைச் சொல்லுங்கள். இயற்பியலில் 2001-ல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் அடுத்த வருஷமே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. மின்சுற்றைத் திரையிலேயே கம்பி கம்பியாகச் சேர்த்துப் பார்க்கலாம், பல பாடங்கள் தமிழிலும் உண்டு, ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு லேப்டாப் இருந்தாலும் போதும்.

வெளியே கூட்டிப்போகிற விஷயத்தில் எல்லாரும் திருநெல்வேலி கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்தைச் சொல்வார்கள். நல்ல இடம்தான், ஆற்றங்கரையில் 1987-லிருந்து இருக்கிறது, ஆனால் டிக்கெட் உண்டு, வேன் வாடகை அதைவிடப் பெரிசு, வருஷம் ஒருதரம் போனால் பெரிய காரியம். உங்களுக்கு வாசலிலேயே குளம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகின பிறகு, தை மாதம் ஒரு காலையில் கரையில் பிள்ளைகளை உட்கார வைத்து என்னென்ன பறவை, எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முக்குளிப்பான் எண்ணிக்கொண்டு இருக்கும்போதே முங்கிவிடும், அடுத்த தடவை வேறு இடத்தில் தலைகாட்டும், அது பழையதா புதுசா என்று சண்டை வரும். கொக்குக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் அளந்து, அப்படி எத்தனை பத்து என்று போக வேண்டும், பெரியவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள், நீங்களும் ஹெச்.எம். சாரும் ஒரு வருஷம் போய்விட்டு வாருங்கள். (ஆலங்குளம் 2019-லிருந்து தென்காசி மாவட்டம் என்பது எனக்கு இன்னும் வாயில் வர மாட்டேன் என்கிறது. பறவைகளுக்கும் அந்தக் கவலை கிடையாது.) கூந்தன்குளத்துக்கு வருகிற வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது என்பதைப் புவியியல் பாடத்தில் சொல்வதை விட, அதைப் பார்த்துவிட்டு வந்து மேப்பை விரித்தால் பேச்சே வேறாக இருக்கும்.

அறிவியலுக்கு ஒரு பேர் மட்டும், அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, குப்பையில் போகிற சாமானில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித் தருவதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர், 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் வைத்து அவர் வடிவியல் நடத்துவதைப் பாருங்கள், எல்லாமே அவர் தளத்தில் இலவசம், தமிழ்க் குரலோடும் வீடியோக்கள் இருக்கின்றன. அவர் உறிஞ்சு குழாயின் நுனியை நசுக்கிக் கூராக வெட்டி ஊதல் செய்வார். நமக்கு அந்தக் குழாய்கூட வேண்டாம், பூவரசு இருக்கிறது.

பழுக்காத, கொஞ்சம் முற்றின இலையாகப் பறித்துக் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு நுனியை மட்டும் விரலால் லேசாக நசுக்கி ஊத வேண்டும். நசுங்கின ரெண்டு உதடும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு அதிர்கின்றன, சத்தம் அங்கேதான் பிறக்கிறது. நாதஸ்வரச் சீவாளியும் இதே சங்கதிதான். அப்புறம் ரெண்டு இலையை ஒட்டுப்போட்டு நீளமாகச் சுருட்டச் சொல்லுங்கள், குரல் கட்டையாகும். நசுக்காத நுனியைக் கத்தரித்துக் குட்டையாக்கினால் கீச்சென்று ஏறும். குழாய் நீளமானால் சுரம் ஏன் இறங்குகிறது என்பதைப் பிள்ளைகளே ஊதி ஊதிக் கண்டுபிடிக்க ஒரு பீரியட் தாராளம். அதை மட்டும் ஹெச்.எம். சார் பக்கத்து அறையில் வருகைப்பதிவேடு ஏற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி