ஏழு மணி நேரம் தூங்கியும் களைப்பா? படுக்கையறையைக் கவனியுங்கள்

கேள்வி: மன்னார்குடியில் இருந்தோம். கணவரின் வேலைக்காகச் சென்ற ஆண்டு வேளச்சேரிக்குக் குடிவந்தோம். மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்தள வீடு, படுக்கையறை பெரிய சாலையைப் பார்த்து இருக்கிறது. இரவு பத்தரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன். நடுவில் விழிப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் காலையில் அடித்துப் போட்டதுபோல இருக்கிறது. நான்கு வயது மகளிடம் எரிந்து எரிந்து விழுகிறேன். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரி என்றார் மருத்துவர். ஊருக்குப் போனால் இரண்டே நாளில் தெளிந்துவிடுகிறேன். சென்னை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? திரும்பிப் போய்விடலாமா?

பதில்: ஊருக்குப் போனதும் தெளிந்துவிடுவதாகச் சொல்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியமான தடயம். உடம்பில் நோய் இருந்தால் அது ஊருக்கும் கூடவே வரும். உங்கள் தூக்கத்தின் நேரம் குறையவில்லை, ஆழம் குறைந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். நகர வாழ்க்கையின் கெடுதல் என்றால் புகையும் கூட்டமும் தண்ணீர்ப் பஞ்சமும் உடனே நினைவுக்கு வரும். இரவுச் சத்தமும் இரவு வெப்பமும் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

முதலில் சத்தம். நாம் தூங்கினாலும் காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஒரு லாரி ஹாரன் அடித்தால் நீங்கள் விழிக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த நொடியில் இதயத்துடிப்பு கூடும், ரத்த அழுத்தம் சற்று ஏறும், ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமான உறக்கமாக மாறும். காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று சொல்வார்கள். விழிப்பு வருவது குறையும், அவ்வளவுதான்; இதயம் முழுதாகப் பழகிக்கொள்வதில்லை. ஒரே சீராக ஓடும் மின்விசிறியின் இரைச்சலைவிட, விட்டுவிட்டு வரும் ஹாரனும் பைக் உறுமலும் அதிகம் கெடுக்கும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது. பெரிய சாலையை ஒட்டிய வீட்டில் இது கிடைப்பது அரிது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும்.

பணம் செலவில்லாத, ஆனால் எல்லாவற்றையும்விடப் பலன் தரும் வழி, படுக்கையைப் பின்பக்க அறைக்கு மாற்றுவது. உங்கள் கட்டடமே சாலைச் சத்தத்துக்குச் சுவராக நிற்கும். நம் வீடுகளில் சாலையைப் பார்த்த அறைதான் பெரும்பாலும் பெரிய படுக்கையறை. அதை விட மனம் வராது. இருந்தாலும் மாற்றிப் பாருங்கள். செல்போனில் ஒலி அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, இரவு பதினொரு மணிக்கு ஒவ்வோர் அறையிலும் அளந்து பாருங்கள். எண் துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த அறை அமைதியானது என்று தெரிந்துவிடும்.

ஜன்னலில் இடுக்கு இருந்தால் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். காற்று புகும் வழியாகத்தான் சத்தமும் புகும். கனமான திரைச்சீலை தெருவிளக்கு வெளிச்சத்தை மறைக்கும், அதுவும் தூக்கத்துக்கு நல்லது. ஆனால் சத்தத்தை அது பெரிதாகத் தடுக்காது. சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு அட்டைகளுக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். அவை அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். காதில் வைக்கும் ஸ்பாஞ்சு அடைப்பான் நன்றாகவே உதவும். குழந்தை அழுதால் கேட்காதே என்ற கவலை வரும். நீங்களும் கணவரும் ஆளுக்கொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜன்னலைச் சாத்தினால் புழுங்குமே? மேல்தள வீட்டில் பெரிய தொல்லையே இதுதான். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை மெல்லத்தான் உள்ளே இறக்கும். அதனால் நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் கூரை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். மரமும் வயலும் உள்ள ஊரில் இரவு சீக்கிரம் குளிர்கிறது. சுற்றிலும் கட்டடமாக இருக்கும் இடத்தில் அப்படிக் குளிர்வதில்லை. நல்ல உறக்கத்துக்கு உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும், புழுக்கம் அதை இறங்க விடாது. சீலிங் ஃபேனும் கூரையடியில் தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளும்.

வீட்டுக்காரரிடம் பேசி, மார்ச் மாதத்துக்குள் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். வசதி இல்லையென்றால் சுண்ணாம்பே போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்துவிடும், அடுத்த கோடைக்கு மறுபடி அடிக்க வேண்டும். மாடியில் தண்ணீர் ஊற்றுவதை நான் சொல்லமாட்டேன். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் அது நியாயமில்லை. மேற்கு ஜன்னல்களை நண்பகலிலேயே மூடித் திரை போடுங்கள். விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்குக் காற்று குளிர்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஏசி இருந்தால் 26-ல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும்.

பக்கத்தில் இரவில் கட்டட வேலை நடந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்தில் சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்க விதி இடம் தருவதில்லை. 112-ல் அழைத்துச் சொல்லலாம்.

திரும்பிப் போகும் முடிவை இப்போதே எடுக்காதீர்கள். அறையை மாற்றி மூன்று வாரம் பாருங்கள். தேறினால், அடுத்து வீடு பார்க்கும்போது உள்தெருவில், மேலே இன்னொரு தளம் உள்ள வீடாகத் தேடுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. தேறவில்லையென்றால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறதா என்று கணவரைக் கவனிக்கச் சொல்லி, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். அப்புறம், ஊரில் தெளிவது அம்மா வீட்டு ஆட்கள் கூட இருப்பதாலும் இருக்கலாம். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் மனம் சோர்ந்திருந்தால், எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.