கார்புரேட்டர் ஸ்க்ரூவ கடைசியா தொடுங்க

கேள்வி: சார், எங்க வண்டி அப்பா காலத்து வண்டி, கார்புரேட்டர் எஞ்சின், டிஸ்ட்ரிப்யூட்டர்ல பாயின்ட் செட்தான். காலைல ஸ்டார்ட் ஆக அடம் புடிக்குது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆயிடுது, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. கார்புரேட்டர் ஸ்க்ரூவ திருகினா கொஞ்சம் தேவலாம்னு இருக்கு, மறுபடி பழைய குருடி கதவ திறடிதான். டியூன்-அப் நானே பண்ணலாமா?

பதில்: தாராளமா பண்ணலாம். ஆனா மொதல்ல அந்த ஸ்க்ரூவ விட்டு கைய எடுங்க. பாயின்ட்ங்கறது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள்ள திறந்து மூடி பிளக்ல பொறி வரவைக்கற சின்ன ஸ்விட்ச். அதோட இடைவெளி மாறினா டைமிங், அதாவது பொறி விழற நேரம், மாறும், டைமிங் மாறினா ஐட்லிங், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காதப்ப எஞ்சின் ஓடற வேகம், மாறும், அதனால கார்புரேட்டர மொதல்ல செட் பண்ணிட்டு மத்தத தொட்டா செஞ்ச வேலை அத்தனையும் வீண்.

எஞ்சின் ஆறினப்புறம் பிளக்க ஒவ்வொண்ணா கழட்டுங்க, எல்லா வயரையும் ஒரே நேரத்துல உருவிடாதீங்க, மாத்தி மாட்டினா எஞ்சின் உதறும் இல்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது. வயர புடிச்சு இழுக்காம பிளக் மேல இருக்கற மூடிய புடிச்சு இழுங்க. பிளக் முனை வெளிர் பழுப்பா இருந்தா எரிப்பு நல்லாருக்குன்னு அர்த்தம், கரி மாதிரி காஞ்ச கறுப்புன்னா பெட்ரோல் அதிகமா போகுது, ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் சோக் (ஆறின எஞ்சின ஸ்டார்ட் பண்ண காத்த குறைக்கற தகடு) முழுசா திறக்காட்டியும் இப்படித்தான் வரும். எண்ணெய் பிசுக்கா இருந்தா டியூன்-அப்ல தீராது, பிஸ்டன் ரிங்கையோ வால்வ் கைடையோ (வால்வ் ஏறி இறங்கற குழாய்) பாக்கணும்.

அடுத்தது பாயின்ட், உங்க வண்டில எனக்கு பெரிய சந்தேகமே இங்கதான். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிய கழட்டி, உள்ள சுத்தற ரோட்டர எடுத்துட்டு, பாயின்ட் முழுசா திறக்கற வரைக்கும் எஞ்சின கையால சுத்துங்க. அந்த இடைவெளில ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) லேசா உரசிக்கிட்டு போகணும், நெறைய வண்டிக்கு 0.4 மி.மீ. கிட்ட இருக்கும், சரியான அளவு மேனுவல்ல பாத்துக்கோங்க. பாயின்ட்டோட குதிகால் கேம்ல (பாயின்ட்ட தள்ளித் திறக்கற, சுத்தற பாகம்) உரசி உரசி தேயும்போது இடைவெளி தானா குறையும், டைமிங் பின்னாடி தள்ளிப் போகும், வண்டி மேட்டுல திணறும். அதனால கேம்ல துளியூண்டு கிரீஸ் வைக்கணும், பாயின்ட் மேல பட்டுடக் கூடாது. முனைல மேடு பள்ளம் விழுந்திருந்தா தேய்க்கறதெல்லாம் தற்காலிகம்தான், மாத்திடுங்க, புதுசும் சீக்கிரமே கருகுதுன்னா பாயின்ட் கருகாம காக்கற கண்டென்சர மாத்துங்க.

அதுக்கப்புறம் டைமிங். டைமிங் லைட் (பொறி விழற நேரத்துல மின்னி எஞ்சின்ல இருக்கற குறிய காட்டற விளக்கு) வச்சு பாக்கும்போது, மேனுவல்ல வேற மாதிரி சொல்லாட்டி, டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போற வேக்குவம் ஹோஸ கழட்டி முனைய அடைச்சுடுங்க.

இப்பத்தான் கார்புரேட்டர். எஞ்சின் நல்லா சூடாகி, சோக் முழுசா விலகி, ஏர் ஃபில்டர் மாட்டி இருக்கணும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு மிக்ஸர் ஸ்க்ரூவ (பெட்ரோல், காத்து கலவைய மாத்தற ஸ்க்ரூ) மெதுவா உள்ள விட்டு, உக்காந்ததும் நிறுத்துங்க, இறுக்கினா ஊசி முனை போயிடும். அங்கேர்ந்து ஒண்ணரை சுத்து வெளில எடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா திருகிப் பாத்து, எஞ்சின் எந்த இடத்துல சீரா வேகமா ஓடுதோ அங்க விட்டுட்டு, ஐட்லிங்க 800 ஆர்பிஎம் பக்கம் இறக்குங்க.

கேள்வி: பழைய வண்டிக்கு இரிடியம் பிளக் போட்டா பிக்கப் கூடுமா?

பதில்: கூடாது. ரொம்ப நாள் உழைக்கும், அவ்வளவுதான். கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்ச் (பிளக் சூட்ட வெளியேத்தற அளவு) பிளக்க சரியான இடைவெளி வச்சு போட்டாலே போதும். பிளக்க மொதல்ல கையாலேயே திருகி உள்ள விடுங்க, எடுத்த எடுப்புல ஸ்பேனர் போட்டா அலுமினிய ஹெட்ல மரை போயிடும், அந்த செலவு பெருசு.

கேள்வி: டேப்பெட் சத்தம் கேக்குது, நல்லா டைட் வச்சுடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டேப்பெட்ங்கறது வால்வ தள்ளித் திறக்கற பாகம், அங்க சின்ன இடைவெளி இருக்கணும். லேசா சத்தம் வந்தா பரவால்ல, ரொம்ப டைட் வச்சா சூடானதும் வால்வ் முழுசா மூடாது, எக்ஸாஸ்ட் வால்வ் கருகிடும், சத்தமே இல்லாம கம்ப்ரஷன் போயிடும். மேனுவல்ல அந்த இடைவெளி அளவு ஆறின எஞ்சினுக்கா சூடான எஞ்சினுக்கா சொல்லிருக்குன்னு பாத்துட்டு வைங்க, பாயின்ட்ட தொடறதுக்கு முன்னாடியே இத முடிச்சுடுங்க.