வி.ஐ.ஏ. பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஆனால் உடனே போங்கள்

வணக்கம் சகோதரி. எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்கள், வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான வி.ஐ.ஏ. பரிசோதனையில் பாசிட்டிவ் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும், பயத்தில் ஒரு மாதமாகப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பரிசோதனையில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சாதாரண அழற்சியாலும் அப்படித் தெரியலாம். நிஜமான மாற்றம் என்றாலும், பெரும்பாலும் அது புற்றுநோய்க்கு முந்தைய கட்டம்தான்.

அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம். இதற்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இவர்களுக்கு உடம்பை விட்டு எளிதில் போகாது. ஏ.ஆர்.டி. மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், முழுசாகப் போக்காது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30 வயதில் தொடங்கச் சொல்லும் பரிசோதனையை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் கால்போஸ்கோப் என்ற கருவி வழியாகப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் துளி சதை எடுப்பார்கள். முந்தைய கட்டமென்றால் பலருக்கு வெப்பத்தால் திட்டைச் சுடுவதே போதும்; சில நிமிட வேலை, கர்ப்பப்பையை எடுப்பதில்லை. அப்புறம் ஒரு வருடத்தில் மறுபடி காட்டுங்கள்.

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி சிகிச்சை மறுப்பது 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி தவறு. தனியாகப் போகத் தயக்கமென்றால் ஏ.ஆர்.டி. மையக் கவுன்சிலரிடம் சொல்லுங்கள். இடையில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டால் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.