வழுக்குற ஸ்டீயரிங், பிசுபிசுக்கிற ஸ்டீயரிங்: கேள்வி பதில்

இருபத்திரண்டு வருஷமா சீட் கவர் தைக்கிறது தான் எனக்குப் பொழைப்பு. ஸ்டீயரிங் உறையும் கையாலேயே தைப்பேன். பேஸ் மாடல் (வசதிகள் குறைஞ்ச, விலை கம்மியான மாடல்) வண்டி வெச்சிருக்கிறவங்க கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

ஆல்ட்டோ, திண்டுக்கல்: அண்ணே, கடையில ஒரு ரப்பர் வளையக் கவர் வாங்கி மாட்டினேன். யூ டர்ன் எடுத்தா கவர் மட்டும் சுத்துது, ஸ்டீயரிங் அப்படியே நிக்குது.

இன்னைக்கே கழட்டிடுங்க தம்பி. வெறும் பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கே அதுக்கு எவ்வளவோ தேவலை. கவர் சுத்துதுன்னா சைஸ் தப்பு. விளிம்புல இருந்து எதிர் விளிம்பு வரைக்கும் டேப்பை நடுவாப் பிடிச்சு அளந்து பாருங்க. நம்ம சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 36-லிருந்து 38 செ.மீ.க்குள்ள வரும். அட்டையில 'மீடியம்'னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மீடியம். செ.மீ. கேட்டு வாங்குங்க. சரியான கவரை அரை மணி நேரம் வெயில்ல போட்டு எடுத்து, மேல் நடுவில ஆரம்பிச்சு, ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாத்தான் ஏறும். சுலபமா ஏறிச்சுன்னா அது உங்க வண்டிக்கானது இல்ல.

வேகன் ஆர், ஈரோடு: ஊசி நூலோட வர்ற கவரை வீட்டிலேயே தைக்கலாமா? ஸ்டீயரிங்கைக் கழட்டணுமா?

கழட்டவே வேண்டாம், வண்டியில உட்கார்ந்தபடியே தைக்கலாம். சீட்டைப் பின்னாடி தள்ளிக்குங்க. முதல் தடவைன்னா மூணு நாலு மணி நேரம் ஆகும், அவசரம் இருந்தா தொடாதீங்க.

சோப்புத் தண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு ரிம்மை, அதாவது கை பிடிக்கிற வளையத்தைத் துடைச்சு, நல்லாக் காய விடுங்க. கை எண்ணெய் இருந்தா என்ன தைச்சாலும் உள்ளே நழுவும். கவர் வளையத்தில இருக்கிற மூட்டு ஸ்போக்குக்கு (வளையத்தை நடுவோட சேர்க்கிற கை) நேரா வர்ற மாதிரி மாட்டுங்க. ஸ்போக் பக்கத்தில மட்டும் ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப் கொஞ்சம் வெச்சா தைக்கிறப்போ நகராது.

தையல் ரிம்மோட உள் விளிம்புல, அதாவது ஹார்னைப் பார்த்த பக்கம் வரணும். கவரோட ரெண்டு ஓரமும் ஒண்ணை ஒண்ணு தொடாம நாலஞ்சு மி.மீ. இடைவெளி இருக்கணும், நூல் இழுக்கிற இழுப்புல தான் அது மூடணும். தைக்கிறதுக்கு முன்னாடியே ஓரங்கள் தொட்டுக்கிட்டா கவர் பெருசுன்னு அர்த்தம். எத்தனை இழுத்தாலும் உள்ளே தொளதொளன்னு இருக்கும். நான் சொந்தமா வெட்டுறப்போ, 37 செ.மீ. ஸ்டீயரிங்குக்குச் சுற்றளவு 116 வரும், பட்டையை 113-க்குத் தான் வெட்டுவேன். அந்த மூணு செ.மீ. பஞ்சத்துல தான் பிடிப்பே இருக்கு.

நாலஞ்சு தையலுக்கு ஒரு தடவை பின்னாடி போய் நூலை இறுக்குங்க. விரல்ல பிளாஸ்திரி சுத்திக்குங்க, இல்லேன்னா நூல் அறுத்துடும். ஸ்போக் வர்ற இடத்துல குறுக்கே தைக்க முடியாது. நூலை அந்தந்த ஓரத்துத் துளைகள் வழியாவே நேரா ஓட்டிட்டு, ஸ்போக் தாண்டினதும் மறுபடி சேருங்க. பருத்தி நூல் வேண்டவே வேண்டாம், வியர்வையில மக்கிடும். மெழுகு போட்ட பாலியஸ்டர் நூல் தான் நிக்கும்.

சான்ட்ரோ, மதுரை: எங்க வீட்டில தோல் புழங்க மாட்டோம். ரெக்ஸின் போட்டா வெயில்ல சுடுமே?

சுடும், கையும் வியர்க்கும். மைக்ரோஃபைபர்னு கேளுங்க, தோல் இல்ல, ஆனா கிட்டத்தட்ட அந்தப் பிடிப்பு இருக்கும். தோல் வேணும்கிறவங்களுக்கு: ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் துண்டுத் தோல் கிடைக்குதுன்னு மெல்லிசா இருக்கிறதை வாங்கிடாதீங்க, ஊசித் துளையில கிழியும். ஒரு மி.மீ.க்குக் கொஞ்சம் மேல கனம் இருக்கட்டும்.

ஸ்விஃப்ட், சேலம்: கவர் இல்லாமலே ஸ்டீயரிங் பிசுபிசுன்னு ஆயிடுச்சு. தின்னர் போட்டுத் துடைக்கலாமா?

ஐயோ வேண்டாம். மேல் பூச்சு வெயில்லயும் வியர்வையிலும் சிதையுது. தின்னர் போட்டா மொத்தமா உருகி வரும். சானிடைசர் காயாத கையோட ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறதும் இந்தக் கதை தான். லேசான சோப்புத் தண்ணி, மெல்லிய துணி, அவ்வளவு தான். அதுக்கும் போகலேன்னா தைச்சு மூடுறது தான் வழி.

பேஸ் மாடல் ஹேட்ச்பேக், கோவை: டாப் மாடல் ஸ்டீயரிங்கை, பாட்டு பட்டனோட, பழைய சாமான் கடையில பார்த்தேன். நானே மாத்திக்கலாமா?

நீங்களே மாத்தாதீங்க, உள்ளே ஏர்பேக் இருக்கும். 2019 ஜூலை 1-லிருந்து புதுக் கார்களுக்கு டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதுக்கு முன்னாடி வந்த பல வண்டியிலும் இருக்கு. ஹார்ன் மூடிக்குள்ள இருக்கிறது வெடிச்சு விரியுற சாமான். கண் இமைக்கிறதுக்குள்ள விரியும், அப்போ உங்க முகம் அங்கே இருக்கும். கிராஷ் ஆன வண்டியில இருந்து வந்த ஏர்பேக்கை நான் காசு கொடுத்தும் வாங்க மாட்டேன். பட்டன் வேலை செய்யணும்னா உள்ளே சுருள் கேபிள், வயரிங், பாட்டுப் பெட்டி எல்லாம் ஒத்துப்போகணும். கம்பெனி சர்வீஸ்ல கேட்டு, முடியும்னா அங்கேயே செய்ங்க. தைக்கிறவங்களும் கவனிங்க: உறை ரிம்மோட நிக்கணும், நடு மூடி மேல எதுவும் வரக்கூடாது. சாமி ஸ்டிக்கரைக்கூட டேஷ்போர்டுல ஒட்டிக்குங்க.

ஆம்னி, நாகர்கோவில்: சின்ன ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் போட்டா அழகா இருக்குமே?

இருக்கும், தோள்பட்டை வலிக்கும். ஆம்னியில பவர் ஸ்டீயரிங் கிடையாது. 38 செ.மீ.யை 33 ஆக்கினா அதே திருப்பத்துக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் பலம் வேணும். நெல்மூட்டை ஏத்திட்டு சந்துல திருப்பிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

டாடா ஏஸ், நாமக்கல்: கூடை பின்ற வயரைச் சுத்தியிருக்கேன், தப்பா?

தப்பில்ல, பிடிப்பு நல்லாத்தான் இருக்கும். முடிச்சு அவிழ்ந்து வயர் நுனி தொங்குதான்னு மட்டும் அப்பப்போ பாருங்க.

பொசுபொசு முடி கவர் எப்படி?

வேண்டாம்.

அம்பாசடர், தஞ்சாவூர்: அப்பா வண்டி. ஸ்போக் பக்கம் ரிம் வெடிச்சிருக்கு. மேல உறை தைச்சு மறைச்சிடலாமா?

மறைச்சா உள்ளே வெடிப்பு வளரும் சார். ஹேக்ஸா பிளேடால வெடிப்பை வி வடிவத்தில கொஞ்சம் அகலமாக்கி, தூசி போகத் துடைச்சு, ரெண்டு பொருள் கலக்குற எபாக்ஸியை அழுத்தி நிரப்புங்க. ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க. அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், 400 நம்பர் உப்புத்தாள், பிரைமர், கருப்பு பெயின்ட். உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியே வளைஞ்சிருந்தா இதெல்லாம் வீண், வேற ஸ்டீயரிங் தேடணும். கம்பி நேரா இருந்தா அதுக்கப்புறம் உறை தைக்கலாம். அந்த ரிம் மெல்லிசு, அதனால அடியில ஒரு மெல்லிய ஃபோம் சுத்திட்டுத் தைங்க. அளவு எடுக்கிறது ஃபோம் சுத்தின பிறகு தான். அதை மறந்து நானே ஒரு தோலை வீணாக்கியிருக்கேன்.