பட்டன் ஆழமாக இருந்தால் டயர் நல்லதா?

கேள்வி: ஏழு வருடப் பழைய கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டயர்கள் கறுகறுவென்று பளபளக்கின்றன, பட்டனும் (சாலையில் படும் பகுதியின் வரிவெட்டு) ஆழமாக இருக்கிறது. "அதிகம் ஓடாத வண்டி, டயருக்குச் செலவே இல்லை" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பட்டனுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் தயாரிப்புத் தேதி. 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-வது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் உள்பக்கம் பாருங்கள். முன் டயருக்கு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் போதும். பின் டயருக்குக் குனிந்து டார்ச் அடிக்க வேண்டும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், சாலைக்கே ஆகாது.

ஓடாமல் நின்றாலும் டயருக்கு வயதாகும். வெயில், ஆக்சிஜன், ஓசோன் மூன்றும் ரப்பரை இறுக்கிவிடும். இதைத் தடுக்க ரப்பரில் கலந்திருக்கும் காப்புப் பொருள், டயர் உருண்டு வளையும்போதுதான் நன்றாக மேற்பரப்புக்கு வரும். நின்றே கிடந்த வண்டியில் அந்த வேலை நடக்காது. ஆழமான பட்டனும் வெடிப்பும் ஒரே டயரில் இருப்பது அதனால்தான். உள்ளே எஃகுக் கம்பி அடுக்கிலிருந்து ரப்பர் பிடிப்பு விட்டால், வேகமாகப் போகும்போது பட்டன் பட்டையே உரிந்து வந்துவிடும். பளபளப்பு பாலிஷாக இருக்கலாம். மெல்லிய வெடிப்புகளை அது மறைத்துவிடும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, பக்கவாட்டையும் பட்டன் இடுக்குகளின் அடிப்பகுதியையும் பாருங்கள். பக்கவாட்டில் எங்காவது புடைப்பு இருந்தால் உள்நூல் அறுந்திருக்கிறது. அதற்குப் பழுது பார்ப்பே கிடையாது.

பல கார் தயாரிப்பாளர்கள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள். பத்து வருடம் தாண்டினால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். ஆறைத் தாண்டியிருந்தால் நான்கு புது டயரின் விலையைக் கழித்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.

கேள்வி: முன் டயர் இரண்டும் உள் விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கின்றன. டயரை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது, புது டயரும் அப்படியே தேயும். ஒரு விளிம்பு மட்டும் தேய்வது வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு, அல்லது சக்கரத்தைத் தாங்கும் பாகங்களின் இணைப்புகளான புஷ், பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். அலைன்மென்ட் சரியாக நிற்கவில்லை என்றால், அடிபட்டு வளைந்த பாகம் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. மேடும் பள்ளமுமாகக் கையில் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள். இடுக்கின் அடியில் குறுக்கே இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. பட்டன் ஆழமாக இருந்தும் அந்த மேடுகளே இல்லையென்றால், தேய்ந்த டயரைக் கீறி ஆழமாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வண்டியே வேண்டாம்.

கேள்வி: ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். மற்ற நான்கையும் மாற்றியவர்கள் இதை விட்டுவிடுவார்கள், பெரும்பாலும் வண்டியோடு வந்த டயராகவே இருக்கும். இன்னொரு பயனும் உண்டு. மீட்டர் 20,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது, ஆனால் ஓடும் டயர்களின் தேதி ஸ்டெப்னியைவிடப் பல வருடம் பிந்தியது என்றால், அவ்வளவு சீக்கிரம் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் சர்வீஸ் பதிவுகளில் கிலோமீட்டரைச் சரிபாருங்கள்.