பெரிய விளக்கா, நெடுநேரம் எரியும் விளக்கா?

வெளிச்சம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதுகிறேன். இந்த முறை எடுத்துக்கொண்டவை எல்லாம் தேவாலயங்களைப் பற்றியவை.

கேள்வி: எங்கள் ஆலயத்துக்குள் உயரத்தில் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் எட்டு இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை, நடுவார ஜெபக் கூட்டம் இரண்டுக்கும் சேர்த்து வாரத்தில் ஆறு மணி நேரம் எரியும். கரண்ட் பில் குறைய இவற்றை எல்.இ.டி.க்கு மாற்றுவதாகக் கட்டடக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். வெளியே வளாகத்தில் ஆறு 150 வாட் ஹாலோஜன் விளக்குகள் இரவு முழுக்க எரிகின்றன. அவை சின்னவைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: பிறகு வேண்டாம். முதலில் மாற்ற வேண்டியதே அவற்றைத்தான். 400 வாட் மெட்டல் ஹாலைடு, சோக் இழுப்பதையும் சேர்த்தால் 450 வாட் எடுக்கும். எட்டு விளக்குக்கு 3,600 வாட். வாரம் ஆறு மணி நேரம் என்றால் 21.6 யூனிட். அவற்றை 160 வாட் எல்.இ.டி. ஆக்கினால் 7.7 யூனிட். ஆக மிச்சம் வாரத்துக்கு ஏறக்குறைய 14 யூனிட்.

இப்போது வெளியே வாருங்கள். ஆறு ஹாலோஜன், 900 வாட். இரவுக்கு 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஓர் இரவுக்கே 10.8 யூனிட் போகிறது. அதே வெளிச்சத்தை 25 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட் தந்துவிடும். இரவுக்கு 9 யூனிட் மிச்சம், வாரத்துக்கு 63. உள்ளே மிச்சமாவதைப் போல நாலரை மடங்கு! அதற்கு ஓர் ஏணி போதும், சாரம் கட்டத் தேவையில்லை. ஆள் நடமாட்டம் கண்டு எரிகிற சென்சாரையும் சேர்த்தால் இன்னும் குறையும். வாசலில் மட்டும் ஒரு விளக்கைச் சென்சார் இல்லாமல் விடுங்கள். இருட்டில் படியேறி வருகிறவருக்கு அது வேண்டும்.

ஆலயம் என்றதும் எல்லாருக்கும் கண் உள்ளே உயரத்தில் தொங்குகிற விளக்குக்குத்தான் போகிறது. பில்லை ஏற்றுவது வாட் மட்டும் இல்லை, வாட்டும் நேரமும் சேர்ந்துதான். கழிப்பறை, நடைபாதை, பொருளறை, அலுவலக அறை என்று ஒவ்வொரு விளக்கும் ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் எரிகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். சாவி வைத்திருக்கிற உபதேசியாரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். குழுவில் இருக்கிற யாரையும்விட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

அப்படியானால் உள்ளே மாற்றவே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் காரணம் வேறு. மெட்டல் ஹாலைடு முழு வெளிச்சத்துக்கு வரச் சில நிமிடம் ஆகும். அணைத்துவிட்டால் சூடு ஆறாமல் மறுபடி பற்றாது. அதற்குப் பத்து நிமிடம்கூடப் போகும். அதனால்தான் ஆராதனைக்கு வெகு முன்பே போட்டுவிட்டு, நடுவில் யாரும் அணைப்பதில்லை. எல்.இ.டி. தொட்டவுடன் எரியும். அதோடு வயரிங்கை நாலு பகுதியாகப் பிரித்துத் தனித்தனி சுவிட்ச் கொடுங்கள்: பீடம், பாடற்குழு, முன் இருக்கைகள், பின் இருக்கைகள். பாடற்குழு பயிற்சிக்கு எட்டுப் பேர் வந்தால் அந்தப் பகுதி மட்டும் எரியட்டும். உங்கள் மின் கட்டணத்தில் மாதத்தின் உச்ச லோடுக்கு என்று தனியாகப் போடுகிறார்கள் என்றால் இன்னொரு லாபம் இருக்கிறது. வாரம் ஆறே மணி நேரம் எரிந்தாலும் அந்த 3,600 வாட் உச்ச லோடில் ஏறியிருக்கும்.

பெட்டியில் 25,000 மணி நேரம், 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வாரம் ஆறு மணி நேரம் எரிகிற விளக்குக்கு 25,000 மணி நேரமே எண்பது வருடம். பெரும்பாலும் முதலில் போவது எல்.இ.டி. இல்லை, அதற்குக் கரண்ட் கொடுக்கிற டிரைவர், கெடுப்பது சூடு. கூரைக்கு அடியில் மூடிய கூண்டுக்குள் டிரைவரை அடைக்காமல், ஏணிக்கு எட்டுகிற உயரத்தில் தனியாக வைக்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாரம் கட்டுகிற அன்றைக்கே வயரிங், ஃபேன், ஒழுகுகிற இடம் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மிச்சம் பிடிக்கிறோம் என்று இருக்கைகளில் வெளிச்சத்தைக் குறைத்துவிடாதீர்கள். திறந்த பாட்டுப் புத்தகத்தின் மேல் 150 முதல் 200 லக்ஸ் விழ வேண்டும். ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதற்கான அளவு லக்ஸ். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பின் வரிசையில் ஒரு பெரியவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால், பாட்டு மனப்பாடம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். லக்ஸ் மீட்டர் வாங்குவது அப்புறம்.

கேள்வி: எல்.இ.டி. போட்ட பிறகு பீடம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் மரவேலைப்பாடும் சுரூபங்களும் உயிரில்லாமல் தெரிகின்றன. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வெளிச்சத்தின் நிறச் சாயலைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். அநேகமாக 6,500 கெல்வின் விளக்கு போட்டிருப்பார்கள். அது நீலம் தூக்கலான வெள்ளை. மரம், பொன் முலாம், மனித முகம் மூன்றுக்கும் அது ஆகாது. மஞ்சள் சாய்ந்த 2,700 அல்லது 3,000 கெல்வின் கேளுங்கள். அது மட்டும் போதாது, சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருக்க வேண்டும். விளக்கடியில் நிறங்கள் எவ்வளவு உண்மையாகத் தெரிகின்றன என்பதற்கான எண் அது. மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று வாங்கி மாட்டி, அதன் கீழே சிவப்புத் திருவுடையை விரித்துப் பாருங்கள். மட்டமான எல்.இ.டி.யில் சிவப்புதான் முதலில் மாட்டிக்கொள்ளும். செங்கல் நிறத்துக்கு மங்கிவிடும். பக்கத்தில் உங்கள் உள்ளங்கையையும் நீட்டிப் பாருங்கள்.

எல்.இ.டி. என்பதற்காகவே கலை கெட்டுவிடும் என்பது உண்மை இல்லை. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 2014இல் ஏறத்தாழ 7,000 எல்.இ.டி.களைப் பொருத்தி, மைக்கேலாஞ்சலோவின் ஓவிய நிறங்களுக்கு ஏற்ப ஒளியை அமைத்தார்கள். நல்ல எல்.இ.டி.யில் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட இல்லை என்பதால் பழைய ஓவியத்துக்கும் துணிக்கும் ஹாலோஜனைவிட அது நல்லது.

வாசக மேடைக்கு நேர் மேலே விளக்கு வைக்காதீர்கள். வாசிக்கிறவரின் கண்குழி இருட்டாகிவிடும். முன்னாலிருந்து சாய்வாக விழ வேண்டும்.

கேள்வி: பழைய டிம்மரில் எல்.இ.டி. பல்பு போட்டோம். குறைத்து வைத்தால் படபடக்கிறது, ஒரு ரீங்காரமும் கேட்கிறது.

பதில்: அந்த டிம்மர் குண்டு பல்புக்குச் செய்தது. பத்து 60 வாட் பல்பு, 600 வாட் லோடு இருந்த இடத்தில் இப்போது 80, 90 வாட்தான் இருக்கிறது. குறைந்தபட்ச லோடு இல்லாமல் அது தடுமாறுகிறது. எல்.இ.டி.க்கென்று வருகிற டிரெய்லிங் எட்ஜ் டிம்மரை மாட்டுங்கள். பல்பின் பெட்டியிலும் டிம் செய்யலாம் என்று எழுதியிருக்க வேண்டும். ஆராதனையை நேரலையாக அனுப்புகிற ஆலயம் என்றால், பாதி வெளிச்சத்தில் வைத்து உங்கள் கேமராவில் பாருங்கள். திரையில் பட்டை பட்டையாக ஓடினால் அந்தப் பல்பு வேண்டாம்.

கேள்வி: நற்கருணைப் பேழை முன் எரிகிற அணையா விளக்கையும் எல்.இ.டி. ஆக்கலாமா?

பதில்: அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேழைக்கு முன் தனி விளக்கு ஒன்று எப்போதும் எரிய வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 940 சொல்கிறது. அது எண்ணெய் அல்லது மெழுகில் எரிவதாக இருக்க வேண்டும் என்பது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை. மாற்றித்தான் ஆக வேண்டிய நிலை என்றால் பங்குத்தந்தையைக் கேளுங்கள், எலக்ட்ரீஷியனை இல்லை.

கேள்வி: மறைக்கல்வி அறைகளில் டியூப்லைட் பட்டியிலேயே எல்.இ.டி. டியூபைச் சொருகினால் போதுமா?

பதில்: சில டியூப் சோக்கோடு ஓடும், சிலவற்றுக்கு சோக்கைக் கழற்ற வேண்டும், பெட்டியில் படம் போட்டிருக்கும். சோக்கை விட்டுவைத்தால் அதுவும் சில வாட் தின்னும் என்பதால் கழற்றுவதே என் விருப்பம். ஆனால் கழற்றிய பட்டிக்கு நேரடியாக மெயின் சப்ளை வருகிறது. நாளைக்கு யாரோ ஒருவர் மிச்சம் கிடக்கிற பழைய டியூபைக் கொண்டுவந்து அதில் மாட்டிவிடக்கூடும், அது ஆபத்து. அதனால் ஒவ்வொரு பட்டியிலும், 'எல்.இ.டி. டியூப் மட்டும், சோக் இல்லை' என்று அழியாத மையில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய பிறகு கூலியைக் கொடுங்கள்.